வட்டைக் காவலுக்கு ஒரு ட்ரைபொட்டும் பத்து மில்லிமீற்றர் கம்பியும்

போன மாரி விதைப்பு நேரம் கனடாவிலிருந்து வந்த மச்சான், மாமாவுக்கென்று ஒரு பைனாகுலர் கொண்டுவந்து கொடுத்தார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர். கடும்பச்சை ரப்பர் போர்த்து, உள்ளே நைதரசன் நிரப்பி, மழையில் நனைந்தாலும் உட்புறம் புகார் படியாதபடி செய்த சாமான். அந்த நாட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கென்றே விற்கிறார்களாம். இங்கே மாமா பார்க்க வேண்டியது யானையை. மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் வட்டையில், அதாவது வயல்வெளியில், எங்கள் குடும்பத்துக்கு வயல் இருக்கிறது. கதிர் முற்றத் தொடங்கினால் பொழுதுபடுகிற நேரத்தில் காட்டோரத்தில் யானை வந்து நிற்கும். ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே அதைக் கண்டுகொண்டால் பக்கத்து வயற்காரருக்குச் சொல்லலாம், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம், ஆனைவெடியை எடுத்துத் தயாராக வைக்கலாம். இருட்டில் திடீரென்று பக்கத்தில் கண்டால் மனிதனுக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

பைனாகுலர் வந்த முதல் கிழமையே மாமா அதைப் பெட்டியில் வைத்துவிட்டார். ஏனென்று கேட்டேன்.

"ஆடுது மருமகன். கறுப்பா ஒண்டு தெரியிது, ஆனையா மாடா எண்டு பிடிபடுதில்ல. கையும் கடுக்குது."

அவர் சொன்னது சரி. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். இளம் ஆளாக இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் 700 கிராம் சாமானைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்க ஏலாது. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. நான் களுவாஞ்சிகுடியில் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். நுணுக்கமாக அளக்கிற வேர்ணியர், ட்றில், அரம், புரி வெட்டுகிற டாப் எல்லாம் கையோடு இருக்கின்றன. ஒரு ட்ரைபொட்டில் ஏற்றித் தருகிறேன் என்று சொன்னேன். அது முடிய மூன்று மாதம் எடுத்தது. நான் பட்ட பாட்டில் யாருக்காவது கொஞ்சம் மிச்சப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பைனாகுலரை மேசையில் வைத்து நன்றாகப் பார்த்தேன். இரண்டு குழலையும் இணைக்கிற நடுப்பாலத்தின் முன்முகத்தில் ஒரு சிறிய வட்ட மூடி இருக்கும். கம்பனி முத்திரை பதித்திருப்பதால் பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இடப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். உள்ளே போல்ட் சுற்றி ஏறுவதற்குப் புரி வெட்டிய துளை. கமராவுக்கு அடியில் இருக்கிற அதே கால் இஞ்சிப் புரி: ஒரு இஞ்சிக்கு இருபது சுற்று, விட்டம் 6.35 மில்லிமீற்றர். ஆழத்தை ஈர்க்கில் விட்டு அளந்தேன், 9 மில்லிமீற்றர் வந்தது. இந்த அளவைக் குறித்து வைக்காமல் யாரும் வேலையைத் தொடங்க வேண்டாம். நீளமான போல்ட்டை விட்டு இறுக்கினால் அது துளையின் அடியில் முட்டிப் பாலத்தையே வெடிக்கச் செய்யும். பழைய மாதிரிப் பைனாகுலர்களில் இந்தத் துளை இல்லாமலும் இருக்கும். அப்படியானால் பைனாகுலரைத் தட்டையான தொட்டில் ஒன்றில் கிடத்திப் பட்டியால் கட்டுவதுதான் வழி.

இனி ட்ரைபொட். கைத்தொலைபேசிக் கடையில் தொங்குகிற மெல்லிய சாமானைத்தான் முதலில் வாங்கினேன். ஒரு கிலோவும் வராது. கால்கள் நாலு துண்டாக நீளும். மேலே சாமானைப் பூட்டித் திருப்புகிற தலை முழுக்கப் பிளாஸ்டிக். பைனாகுலரைத் தற்காலிகமாக அதில் கட்டி, வீட்டு மேல்மாடியிலிருந்து தெருக்கோடியில் இருந்த ஒரு கடைப்பலகையைப் பார்த்தேன். பலகையின் முதல் எழுத்தை நடுவில் வைத்துக் கைப்பிடியை விட்டால் எழுத்து மெல்ல மேலே போகும். தலை பாரத்தில் வளைந்து கொடுக்கிறது. காலை விரலால் தட்டிவிட்டு எண்ணினேன். ஆட்டம் நிற்க ஐந்து எண்ண வேண்டியிருந்தது. வயலில் காற்று அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். கடையில் ட்ரைபொட் வாங்குகிறவர் இந்த இரண்டு சோதனையையும் அங்கேயே செய்து பார்க்கலாம்: ஒரு எழுத்தைக் குறிவைத்துக் கையை எடுத்துப் பாருங்கள், காலைத் தட்டிவிட்டு எண்ணிப் பாருங்கள். தாங்கும் பாரம் இத்தனை கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து ஒன்றும் தெரியவராது.

நில அளவைக்காரர் கருவி வைக்கிற ட்ரைபொட்டையும் நினைத்தேன். மரக்கால், கனதி, மலைபோல் அசையாது. தெரிந்த ஒருவரிடம் பழையது ஒன்று சும்மா கிடந்தது. அதன் தலைப் புரி எட்டில் ஐந்து இஞ்சி. அதற்கு மாற்றுப் புரி கடைந்துகொள்ளலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் அதற்குத் தலை கிடையாது. பக்கவாட்டில் திருப்பவும் குனிக்கவும் வேறொரு தலை வாங்கிப் பூட்ட வேண்டும். அதோடு ஐந்து கிலோவுக்கு மேல் மரத்தைக் குருமண்வெளியில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றி, மண்டூரில் இறக்கி, மோட்டார் சைக்கிளில் வெல்லாவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். விட்டுவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது ஒரு கலியாண வீடியோ ட்ரைபொட். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர் முன்பு தோளில் வைக்கிற பெரிய கமராவுக்குப் பாவித்தது. இப்போது எல்லோரும் சின்னக் கமராவோடு ஓடிக்கொண்டே எடுப்பதால் அது மூலையில் தூசி படிந்து நின்றது. மூன்றரைக் கிலோ. தலைக்குள் பிசுக்கான கிறீஸ் இருப்பதால் தேனில் கரண்டியைத் திருப்புவது போல ஒரே சீராகத் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். காலைத் தட்டினேன், ஒன்று எண்ணி முடியவில்லை, படம் நின்றுவிட்டது.

தலை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படம் பிடிக்கிறவர்கள் விரும்புகிற உருண்டைத் தலை இந்த வேலைக்கு ஒத்துவராது. அதில் ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சரியும். நமக்குத் தேவை காட்டோரத்தை ஒரே மட்டத்தில் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போவது. கிடையாகத் திரும்புவதற்கு ஒரு இறுக்கம், மேல்கீழாகக் குனிவதற்கு வேறொரு இறுக்கம் என்று தனித்தனியாக இருக்கிற, நீண்ட கைப்பிடி வைத்த தலைதான் வேண்டும்.

உயரத்திலும் நான் முதலில் பிழையாகத்தான் நினைத்தேன். நின்றால் கண்ணளவு வருமா என்று பார்த்தே ட்ரைபொட் தேடினேன். மாமா நின்று பார்க்கப் போவதில்லை. அவர் வாடிக்கு, வயல் குடிசைக்கு, முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்து வெற்றிலை போட்டபடி ஒரு மணித்தியாலம் பார்ப்பார். அவரைக் கதிரையில் இருத்தி நாடாவால் அளந்தேன். நிலத்திலிருந்து கண் 118 சென்ரிமீற்றர். பைனாகுலரை ட்ரைபொட்டோடு பூட்டுகிற துண்டு, அதாவது அடப்டர், அதை ட்ரைபொட் தலைக்கு மேல் 12 சென்ரிமீற்றர் தூக்கும். ஆகவே தலை 106 சென்ரிமீற்றரில் நின்றால் போதும். அந்த உயரத்துக்கு ட்ரைபொட்டின் தடித்த மேல் துண்டை மட்டும் நீட்டினாலே காணும். மெல்லிய அடித்துண்டுகளைத் தொடவே தேவையில்லை, நடுத்தண்டை உயர்த்தவும் தேவையில்லை. நடுத்தண்டை உயர்த்துவது மூன்று காலில் நிற்கிற சாமானை ஒற்றைக் காலில் நிறுத்துவதற்குச் சமம். இருந்து பார்க்கிற ஆளுக்கு நின்று பார்க்கிற உயரத்தைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

அடப்டர்தான் என்னை வருத்தியது. கடையில் விற்கிறது ஒரு சின்ன எல் வடிவத் துண்டு. இணையத்தில் வாங்கலாம். ஆனால் கதிர் வருவதற்குள் வந்து சேருமா என்ற பயம். கையால் செய்யத் துணிந்தேன்.

அலுமினியக் கதவு ஜன்னல் செய்கிற இடத்தில் வெட்டிக் கழித்த எல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். 25 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. துளை போட்டுப் பாலத்தின் முன் வைத்தபோதுதான் விளங்கியது. பாலத்தின் முன்முகம் குழல்களின் நுனியிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் உள்ளே இருக்கிறது. ஆகவே தகடு இரண்டு குழலுக்கும் நடுவால்தான் கீழே இறங்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்கக் குழல்களை விரித்தால் கண் இடைவெளி கூடிப்போகிறது, ஒரு வட்டம் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு வட்டம் தெரிகிறது.

மாமாவைப் பார்க்கச் சொல்லி, அவருக்கு ஒரே வட்டமாகத் தெரிகிற நிலையில் பைனாகுலரை நிறுத்தி, கண்பக்கக் கண்ணாடிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு வேர்ணியரால் அளந்தேன். 61 மில்லிமீற்றர். ரப்பரோடு குழலின் விட்டம் 50. மிச்சம் இருக்கிற வழி 11 மில்லிமீற்றர். எனக்கு அளந்தால் 14 வந்தது. என் கண்ணுக்குச் சரியாகச் செய்திருந்தால் அவருக்கு அது உதவியே இருக்காது. பைனாகுலரைப் பாவிக்கப் போகிறவர்களில் யாருக்குக் கண் நெருக்கமோ அவருக்கு அளக்க வேண்டும்.

அலுமினியத்தை வாளால் அறுத்துக் கழுத்தை 10 மில்லிமீற்றராக ஒடுக்கினேன். உள்ளே போனது. ஆனால் 10 அகலமும் 3 தடிப்பும் உள்ள அலுமினியக் கழுத்து தென்னோலை போல ஆடியது. மூன்றரைக் கிலோ ட்ரைபொட் அசையாமல் நிற்க, அதன் மேல் பைனாகுலர் மட்டும் தனியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நல்ல கால் வாங்கினாலும் இந்த நாலு இஞ்சித் துண்டு வலுவில்லாவிட்டால் எல்லாம் வீண் என்று அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

வழி காட்டியது ஜன்னல் கிறில். பத்து மில்லிமீற்றர் சதுர இரும்புக் கம்பி! வெல்டிங் கடை எல்லாவற்றிலும் கிடக்கும். அகலமும் பத்து, தடிப்பும் பத்து. 11 மில்லிமீற்றர் வழிக்குள் இரு பக்கமும் அரை மில்லிமீற்றர் விட்டு இறங்கும். ஒரு சாண் துண்டு வாங்கி வந்தேன். மேல் நுனியில் 6.5 மில்லிமீற்றர் துளை போட்டேன். பத்துக்குள் ஆறரைத் துளை என்றால் இரு பக்கமும் ஒன்றேமுக்கால் மில்லிமீற்றர்தான் சுவர். சென்ரர் பஞ்ச் அடித்து, முதலில் மூன்று மில்லிமீற்றர் பிட், பிறகு ஐந்து, பிறகு ஆறரை என்று படிப்படியாகப் போனதால் துளை நடுவிலேயே நின்றது.

போல்ட்டில் ஒரு கண்டம் தப்பியது. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் ஒரு அலன் போல்ட் கேட்டேன். ஆறு மில்லிமீற்றர்ப் போல்ட்டைக் கையில் தந்து, இதுதான் கால் இஞ்சிக்கும் போகும் என்றார்கள். பைனாகுலரில் வைத்துக் கையால் சுற்றினேன். முதல் சுற்று தொளதொளவென்று போனது. இரண்டாவது சுற்றில் இறுகத் தொடங்கியது. சாவி வைத்து ஒரு தரம் இழுத்திருந்தால் போகும்போல்தான் இருந்தது. கை நின்றுவிட்டது. நல்ல புரி முதல் சுற்றில் தளர்ந்து இரண்டாவதில் இறுகாது. கழற்றிக் கொண்டுபோய், லேத்தில் கடைசல் வேலை செய்கிற அண்ணனிடம் காட்டினேன்.

"தம்பி, இது மில்லிமீற்றர்ப் புரி. ஒரு சுத்துக்கு ஒரு மில்லிமீற்றர் போகும். உங்கட துளை இஞ்சிக் கணக்கு, சுத்துக்கு ஒண்டேகால் மில்லிமீற்றருக்கு மேல. இன்னும் ரெண்டு சுத்து இழுத்திருந்தா உள்ள இருக்கிற பித்தளை புரியெல்லாம் வழிச்சுக்கொண்டு வந்திரிக்கும்."

அவர் தகரப் பேணிக்குள் கையை விட்டுக் கிளறிப் பழைய கால் இஞ்சிப் போல்ட் ஒன்றை எடுத்தார். அறுகோணத் தலை 11 மில்லிமீற்றர். அந்த வழிக்குள் தலையும் அகப்பட வேண்டுமே. லேத்தில் பிடித்துத் தலையை 9.5 மில்லிமீற்றர் உருண்டையாகக் கடைந்து, ஸ்குரூ டிரைவருக்கு ஒரு வெட்டும் போட்டார். நீளம் முக்கால் இஞ்சி, அதாவது 19 மில்லிமீற்றர். கம்பி பத்து, வொஷர் ஒன்று, நடுவில் வைக்கிற ரப்பர் ஒன்று போனால் ஏழு மில்லிமீற்றர் புரி பைனாகுலருக்குள் பிடிக்கும். துளை ஒன்பது ஆழம். இரண்டு மில்லிமீற்றர் மிச்சம்.

அடிப்பாதம் 40 மில்லிமீற்றர் அகலம், 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டை இரும்பு, நாலு இஞ்சி நீளம். பாதம் எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதில் கடைத் துண்டுகள் பலவற்றைவிட எங்களுடையது நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பைனாகுலரை முன்னால் பிடித்தால் பாரம் முழுவதும் பின்னால் தொங்கும், தலை எப்போதும் பின்பக்கம் சரியப் பார்க்கும். ஒரு பென்சிலின் மேல் பைனாகுலரை வைத்துச் சமநிலை பார்த்தேன். பாலத்தின் முன்முகத்திலிருந்து 55 மில்லிமீற்றர் பின்னால் வந்தது. பாதத்தைப் பின்பக்கமாக நீட்டி, ட்ரைபொட்டின் திருகு வருகிற துளையை அந்த 55இல் போட்டேன். முன்னும் பின்னும் 15 மில்லிமீற்றர் விட்டு இன்னும் இரண்டு துளை. மூன்றையும் 5.1 மில்லிமீற்றர் பிட்டால் துளைத்துக் கால் இஞ்சி டாப் விட்டேன். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கால் சுற்றுப் பின்வாங்கி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. இரும்புச் சீவல் சுருண்டு சுருண்டு மேலே வரும்போது கிடைக்கிற திருப்தி வைண்டிங் வேலையில் கிடைப்பதில்லை.

வெல்டிங்கை நான் செய்யவில்லை. கம்பியைப் பாதத்தில் நிமிர்த்தி ஒரு பக்கம் முழுக்க ஒட்டினால் ஆறும்போது அந்தப் பக்கம் இழுத்துச் சரியும். வெல்டிங் தம்பி நாலு மூலையிலும் புள்ளி வைத்து, மட்டக்கோலால் பார்த்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி ஒட்டினார். நேராக வந்தது. துருவுக்கு ரெட் ஒக்சைட், மேலே மங்கல் கறுப்பு. பளபளப்பு வேண்டாம், மாலை வெயில் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும்.

பாலத்துக்கும் கம்பிக்கும் இடையில் வைக்கிற ரப்பருக்கு முதலில் செருப்புத் துண்டு வெட்டினேன். தடிப்பு கூடியதால் பைனாகுலர் மெத்தையில் இருப்பது போல் குதித்தது. சைக்கிள் டியூப் துண்டு ஒரு மில்லிமீற்றர். அதுதான் சரி: கீறல் விழாது, பைனாகுலர் பக்கவாட்டில் சுழலாது, குதிக்கவும் குதிக்காது.

வட்டையில் முதல் நாள் பரணில் ஏற்றிப் பார்த்தோம். உயரம் என்பதால் தூரம் தெரியும் என்று இருவருக்கும் எண்ணம். மாமா காலை மாற்றி வைத்தால் காட்டோரம் முழுவதும் துள்ளியது. நான் மூச்சு விட்டாலும் தெரிந்தது. பரண் கம்புகளின் மேல் கட்டியது, அது அசையத்தான் செய்யும். எந்த ட்ரைபொட்டும் தான் நிற்கிற நிலத்தைவிட உறுதியாக நிற்காது. கீழே இறக்கி வரப்பு ஓரத்தில் வைத்தோம். ஈர மண்ணில் கால் புதைந்து மெல்ல மெல்லச் சாய்ந்தது. மாமா வாடிக்குள் போய் மூன்று சிரட்டை எடுத்துவந்து, குழிப்பக்கம் மேலாக ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தார். நான் சீமெந்துக் கல் கொண்டுவர நினைத்திருந்தேன், தேவைப்படவில்லை. ட்ரைபொட்டின் நடுவில் தண்ணீர்ப் போத்தல் பையைத் தொங்கவிட்டேன். பை நிலத்தில் அரைவாசி முட்டியிருக்க வேண்டும், அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி ட்ரைபொட்டையும் ஆட்டும்.

பார்க்கிற முறையை மச்சான் தொலைபேசியில் சொன்னார். அங்கே வேட்டைக்காரர் கண்ணாடியை ஓட்டிக்கொண்டே தேடமாட்டார்கள். ஒரு இடத்தில் நிறுத்தி, தெரிகிற வட்டத்துக்குள் கண்ணை மட்டும் மேய விட்டு, பிறகுதான் அடுத்த இடத்துக்குத் திருப்புவார்கள். எங்கள் பைனாகுலரின் பார்வை ஆறரைப் பாகை. ஆயிரம் மீற்றரில் ஏறக்குறைய 114 மீற்றர் அகலம் தெரியும். எங்கள் வாடியிலிருந்து காட்டோரம் 700 மீற்றர் இருக்கும். அங்கே ஒரு வட்டத்துக்கு 80 மீற்றர். எங்கள் பக்கத்து எல்லை முழுவதையும் பத்துத் தரிப்பில் பார்த்து முடிக்கலாம். வீரை மரத்தடியில் தொடங்கி நவகிரிப் பக்கம் போகிற வாய்க்கால் மூலையில் முடிக்க வேண்டும் என்று மாமா ஒவ்வொரு தரிப்புக்கும் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டார்.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள், ஐந்தரை மணி. மழை விட்டு மேற்கே வெளித்திருந்தது. ஏழாவது தரிப்பில் மாமாவின் கை நின்றது. அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து கதிரையை எனக்கு விட்டார். பற்றைக்கு முன்னால் மூன்று. பெரியது ஒன்று காதை விசிறியபடி நின்றது. அதன் நெற்றியில் காய்ந்த சேறு திட்டுத் திட்டாக வெளிறித் தெரிந்தது. நடுவில் நின்றதன் வயிற்றுக்குக் கீழே நாலு சின்னக் கால். குட்டி தும்பிக்கையால் தாயின் முழங்காலைத் தடவுகிறது, விடுகிறது, மறுபடி தடவுகிறது. இவ்வளவும் 700 மீற்றரில், ஒரு ஆட்டம் இல்லாமல்.

"குட்டித்தாய் நிக்கிது கா. வெடி போடப்படாது. கிட்டப் போகவும் படாது. அங்கால வயல்காரனுக்குச் சொல்லுங்க, இண்டைக்கு ஒருத்தரும் வாய்க்கால் பக்கம் போக வேணாமெண்டு."

கையில் பிடித்துப் பார்த்திருந்தால் கறுப்பாக ஏதோ நிற்கிறது என்பதோடு நின்றிருக்கும். குட்டி இருப்பது தெரிந்திருக்காது, வெடி எறிந்திருப்போம். நான் உடனே தொலைபேசி எடுத்தேன். வயற்காரர்கள் வாய்க்கால் மூலையில் நெருப்பு மட்டும் மூட்டினார்கள். இருட்டும்வரை அவை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு பைனாகுலருக்கு வேலையில்லை. 42ஐப் பத்தால் பிரித்தால் 4.2 மில்லிமீற்றர் அகல வெளிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. மம்மல் நேரம், மங்கல் வெளிச்சம் இருக்கும் வரை போதும், அதற்குப் பிறகு காதுதான்.

யுத்த காலத்தில் இப்படியொரு சாமானை இந்தப் பக்கத்தில் ஒருவரும் வீட்டில் வைத்திருக்கத் துணிந்திருக்கமாட்டார்கள். மாமா இப்போதும் பாதையில் வரும்போது அதைச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுவருகிறார். வேண்டாமென்று நான் சொல்வதில்லை.

அறுவடை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ட்ரைபொட் கால்களை முழுக்க இழுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, பூட்டுகளுக்குள் போன சேற்றைப் பழைய பல்தூரிகையால் எடுத்தேன். வாவிக் காற்று உப்புக் காற்று. துடைக்காமல் மடக்கி வைத்தால் அடுத்த போகத்துக்குள் திருகுகள் பூத்துவிடும். பைனாகுலர் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்தால் பிறகு எடுப்பது லேசில்லை. அடப்டரில் வெல்டிங் ஓரத்தில் மட்டும் கறுப்பு உரிந்து துரு எட்டிப் பார்த்தது. சுரண்டி ரெட் ஒக்சைட் அடித்திருக்கிறேன். இனி ஒரு வேலை பாக்கி. ஒரு மணித்தியாலம் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது ட்ரைபொட்டின் திருகு பாதத்துக்குள் மெல்லத் தளர்கிறது. ஸ்பிரிங் வொஷர் ஒன்று போட இடமிருக்கிறதா என்று நாளைக்கு அளந்து பார்க்க வேண்டும்.